ஒலுவில் வாயை அடைத்த மண் நம் கரைக்கு வரவேண்டும்



வாடை பிறக்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. காற்றுத் திரும்பிவிட்டால் வாயை அடைத்த மண்ணை அள்ளக் கப்பல் எதுவும் ஒலுவில் துறைமுகப் பக்கம் வராது, நமது ஆழ்கடல் படகுகளுக்கு ஒதுங்க இடமும் இருக்காது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.

பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரமாக நடந்து பாருங்கள். ஊரை ஒட்டி ஊர். இவ்வளவு நீளக் கரையில் ஒரு பலநாள் படகு வந்து அணைய ஒரு துறை கிடையாது. படகு கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கிறது. நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து பிடித்த மீனைச் சின்னத் தோணிக்கு மாற்றி, அலை உடைந்து அடங்கும் நேரம் பார்த்துக் கரைக்கு விட வேண்டும். தொழிலுக்குப் போகும்போதும் இதே பாடுதான். ஐஸ் கட்டியை இடுப்பளவு தண்ணீரில் தோளில் சுமந்து ஏற்றுகிறோம். சாக்குக்குள்ளிருந்து ஒழுகும் தண்ணீர் முதுகில் வழிய வழிய நம் காசும் சேர்ந்து கரைகிறது. டீசல் கான் கைநழுவினால் அன்றைய பயணமே போச்சு. வாடை இரவில் நங்கூரக் கயிறு அறுந்தால் விடியும்போது படகு கரையில் உடைந்து கிடக்கும், அதை நம்பிய ஐந்தாறு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல். அதன் பிறகு உலகமெல்லாம் இருந்து உதவி வந்தது. படகு தந்தார்கள், வலை தந்தார்கள், இயந்திரம் தந்தார்கள். படகு அணையும் இடத்தை யாரும் தரவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் என்று நம்பித்தான் ஒலுவில் துறைமுகத்தை வரவேற்றோம். துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அது. அவர் 2000-இல் நம்மை விட்டுப் போனார். 2008-இல் வேலை தொடங்கியது. டென்மார்க் வழங்கிய ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ கடனில் கட்டி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். எதிர்பார்த்த சரக்குக் கப்பல்கள் வரவில்லை. அதிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தை நம்பிப் போன நமக்கோ வாசலில் மண். தோண்டினார்கள், மறுபடியும் மூடியது. மூடியபோதெல்லாம் வாழைச்சேனை வரை டீசல் எரித்து ஓடினோம்.

அந்த மண் எங்கிருந்து வந்தது? நம் கடலில் வருடக் கணக்கில் பார்த்தால் மண் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஒலுவிலில் கல் அணை குறுக்கே எழுந்ததும் தெற்கே மண் குவிந்தது, அணையின் முனையைச் சுற்றி வந்து வாயிலும் படிந்தது. வடக்கே வரவேண்டிய மண் வரவில்லை. பசித்த கடல் கரையைத் தின்றது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் போயின, நிந்தவூரில் நிலம் போயிற்று. ஓர் ஊரைக் காக்கக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. இப்படியே நகர்ந்தால் வடகோடியில் இருக்கும் பெரியநீலாவணையும் தப்பாது. துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம் என்பது கடலுக்கு ஒரு தூரமே அல்ல.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு சண்டை தீரும். வாயைத் தோண்டு என்று நாம் கேட்டோம். எங்கள் கரைக்கு வழி சொல்லாமல் தோண்டாதே என்று ஒலுவில் மக்கள் மறித்தார்கள். இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு அதிகாரிகள் கோப்பை மூடிவைத்தார்கள். தோழர்களே, அவர்கள் நம் எதிரிகள் அல்லர். நமக்குத் தொழில் இழப்பு, அவர்களுக்கு நில இழப்பு, காரணம் ஒரே மண். வாயில் அள்ளும் மண்ணை வடக்குக் கரையில் கொட்டினால் படகுக்கும் வழி கிடைக்கும், கரைக்கும் உயிர் வரும். இது புதிய வித்தை அல்ல. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் மண்ணைக் குழாய் வழியாக மறுகரைக்கு அனுப்பி வருகிறார்கள். அப்படி அனுப்பாவிட்டால் என்னவாகும் என்பதற்குப் புதுச்சேரி எச்சரிக்கை: அங்கே 1980-களில் கட்டிய துறைமுகம் இதேபோல் மண்ணை மறித்து நகரின் கடற்கரையையே இல்லாமலாக்கியது. அதை மீட்கப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஆகவே நமது கோரிக்கை இதுதான். ஒலுவில் வாயைத் தோண்டுவதற்கென்று வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் தனி நிதி வேண்டும். அது தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குறுதியாக இருக்கக்கூடாது. அள்ளும் மண்ணில் ஒரு லோட் கூட விற்பனைக்குப் போகக்கூடாது, முழுவதும் வடக்குக் கரைக்கே வரவேண்டும். மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம், துறைமுக அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம் மூன்றும் ஒரே மேசையில் நம்மோடு உட்கார வேண்டும். ஒருவரை ஒருவர் கைகாட்டும் காலம் முடியட்டும்.

கூடவே பெரியநீலாவணைக்கும் மருதமுனைக்கும் பொதுவாக ஒரு சின்ன இறங்குதுறை கேட்போம். கல் கொட்டிக் கட்டும் துறை நமக்கு வேண்டாம். அது இன்னொரு ஒலுவிலாகிவிடும். தூண்களின் மேல் நிற்கும் துறை வேண்டும், அடியில் மண் தன் பாட்டில் ஓட வேண்டும். பொறியியலாளர் ஆய்வு முடியாமல் யாரும் அடிக்கல் நாட்ட வந்தால் அந்த விழாவுக்குப் போகாதீர்கள்.

துறை கிடைத்த பிறகு அதன் விளக்கு, பலகை, கட்டுக்கயிறு எல்லாவற்றையும் நாமே பார்க்க வேண்டும். இறங்கும் மீனில் கிலோவுக்கு ஒரு ரூபாய் எடுத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டுக் கணக்கில் போட்டு, மாதாமாதம் கணக்கைக் கடற்கரையில் எழுதி ஒட்டுவோம். மண் தோண்டும் செலவு அரசின் கடமை, அதில் ஒரு சதமும் நாம் கட்டக்கூடாது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பெரியநீலாவணைக் கடற்கரைக்கு வாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்து வரட்டும். கரைவலைக்காரர், தோணிக்காரர், ஆழ்கடல் தண்டயல்மார், மீன் விற்கும் பெண்கள், ஐஸ் லொறிக்காரர் எல்லோரும் வாருங்கள். ஒலுவிலிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் நிலம் இழந்தவர்களை நீங்களே கூட்டி வாருங்கள். இந்தக் கோரிக்கைகளை எழுதிய மகஜரில் முதல் கையொப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும், அடுத்ததை நீங்கள் போடுங்கள்.