மரத்தவளையும் ஸ்கிரீன் கொக்கியும்

திருத்தணி என்றால் மலை, படிக்கட்டு, ஆடிக்கிருத்திகைக் காவடி. இதைத் தாண்டி யாருக்கும் எதுவும் ஞாபகம் வருவதில்லை. மலையிலிருந்து இறங்கிச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்தால் ஏரிகள் உண்டு. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் விரால் மீனும் உண்டு (தெலுங்கில் கொர்ரமீனு). மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு தக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்வது பழைய ஸ்டைல். இப்போது இளவட்டங்கள் கையில் லூர், அதாவது பொய்யிரை. கடையில் வாங்கினால் காசு அதிகம் என்று சிலர் மரத்திலேயே தவளை, மீன் எல்லாம் செதுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால்...

செதுக்க இரண்டு நாள், பெயின்ட் அடிக்க இரண்டு நாள், கண் வரைய ஒரு நாள் செலவழிக்கிறார்கள். முள் மாட்டும் வளையத்துக்கு எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷம்! ஜன்னல் ஸ்கிரீன் ஸ்பிரிங் மாட்டுகிற திருகு வளையத்தை வாங்கி, மரத்தில் திருகினால் முடிந்தது வேலை. விரால் அடிக்கிறது, பாசிக்குள் பாய்கிறது, வயிற்றுப் பக்க வளையம் பிடுங்கிக்கொள்கிறது. லூர் மிதந்து வருகிறது. முள்? அது மீனின் வாயில். மூக்கு வளையம் பிடுங்கிக்கொண்டால் இன்னும் மோசம், லூர் முழுவதையும் கவ்வியபடியே மீன் போய்விடும். செய்தவருக்கு நஷ்டம் ஒரு மரக்கட்டை. வாயில் மூன்று முள்ளோடு திரியும் மீனுக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மரத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. லூருக்கு மிதக்கிற மரம் வேண்டும். மிதக்கிற மரம் என்றாலே மென்மையான மரம். கல்யாண முருங்கை மாதிரி மரத்தில் திருகின் பல் ஆழமாகப் பிடிக்காது. அதிலும் மூக்கு வளையம் நாரின் போக்கிலேயே இறங்குகிறது. நாருக்குக் குறுக்கே போகும் திருகுதான் நன்றாகப் பிடிக்கும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, மீன் நேராக இழுப்பதில்லை, தலையை உதறுகிறது. ஒவ்வொரு உதறலிலும் ஓட்டை கொஞ்சம் பெரிதாகிறது. பெயின்ட் முதலில் வெடிப்பதும் வளையத்தைச் சுற்றித்தான். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, மரம் ஊதி, இரும்பு துருப்பிடித்து... அடுத்த சீசனில் கையாலேயே பிடுங்கலாம்.

இதற்கு உருப்படியான வழி ஒன்று உண்டு: முழுநீளக் கம்பி. உடம்பின் அடிப்பக்கம் ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பள்ளம் அறுத்து, ஒரே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என வளைத்து உள்ளே இறக்க வேண்டும். எடைக்கான ஈயத்தையும் அதிலேயே வைத்து, அரால்டைட் மாதிரி எப்பாக்சி பசையால் பள்ளத்தை மூடலாம். அப்புறம் மரமே இரண்டாகப் பிளந்தாலும் நரம்பும் கம்பியும் முள்ளும் ஒரே சங்கிலி. 1936-ல் பின்லாந்தில் தக்கையைச் செதுக்கித் தொடங்கிய ராப்பாலாவின் பால்சா மர லூர்களில் இப்படித்தான் கம்பி ஊடுருவிப் போகிறது. நம் ஊருக்கும் இந்த யோசனை புதிதல்ல. சென்னைக் கடற்கரையில் ஓடிய மசூலா படகுகளில் பலகைக்குப் பலகை ஆணி அடிக்கவில்லை, கயிற்றால் தைத்தார்கள். அலை மோதும்போது ஆணி பிடுங்கிக்கொள்ளும், தையல் வளைந்து கொடுக்கும்.

திருகு வளையம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வாய் முழுதாக மூடிய வளையம், நீளமான தண்டு, முதலில் மெல்லிய துளை, துளைக்குள் மெதுவாக இறுகும் எப்பாக்சி. ஐந்து நிமிஷத்தில் இறுகும் பசை, அவசரக்காரர்களுக்கு.

எதில் செய்தாலும் சோதித்தாக வேண்டும். மூக்கு வளையத்தை ஜன்னல் கம்பியில் கட்டி, முள் வளையத்தில் பக்கெட்டைத் தொங்கவிட்டுப் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினால் பத்து கிலோ. கொஞ்சம் ஆட்டியும் பார்க்க வேண்டும். விராலுக்குப் போடும் 30 பவுண்டு பின்னல் நரம்பு 13 கிலோவுக்கு மேல் தாங்கும். வளையம் பத்துக்கே பிடுங்கிக்கொண்டால் அந்த நரம்பு எதற்கு? இந்தச் சோதனையைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே செய்வது உத்தமம். அழகாகக் கண் வரைந்த பிறகு யாருக்கும் பக்கெட் தொங்கவிட மனசு வராது!

"ஒரு மீனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. விரால் முட்டையிட்டுவிட்டு ஓடிப்போகிற ஜாதி இல்லை. சிவப்பாகக் கூட்டமாகத் திரியும் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் கீழே நின்று காவல் காக்கும். அந்தச் சமயத்தில் மேலே தவளை மாதிரி எது போனாலும் பாய்ந்து அடிக்கும். அதாவது, பிடுங்கிக்கொண்ட முள்ளைச் சுமந்துகொண்டு போவது பெரும்பாலும் பசியில் வந்த மீனாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே லூர் வீசாமல் இருப்பதுதான் முறை. மற்ற நேரத்தில், மூன்று முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் மாட்டி, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், நரம்பே அறுந்தாலும் மீன் உதறிக் கழற்றிப் போட வாய்ப்பு அதிகம்.