உப்பும் சர்க்கரையும் உயிர் காக்கும்! கேட்டு வாங்குங்கள்

வீட்டில் குழந்தைக்குப் பேதி. காலையில் இருந்து ஏழெட்டு தடவை போய்விட்டது. குழந்தை துவண்டு கிடக்கிறது. "அம்மா, தண்ணீர்" என்று கேட்கிறது.

"கொடுக்காதேம்மா! கொடுத்தால் இன்னும் போகும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. தாய் தயங்குகிறாள்.

அந்தத் தயக்கம்தான் ஆபத்து.

பேதியில் குழந்தைகள் சாவது ஏன் தெரியுமா? பெரும்பாலும் கிருமி நேராகக் கொல்வது இல்லை. உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுகின்றன. அதனால்தான் உயிர் போகிறது. பத்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்துவிட்டால், அது உயிருக்கே ஆபத்தான நிலை.

உலகம் முழுவதும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் பேதியால் சாகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. இத்தனைக்கும் இதற்கு மருந்து இருக்கிறது. விலை உயர்ந்த மருந்து அல்ல. உப்பு, சர்க்கரை, தண்ணீர். அவ்வளவுதான்!

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் குடிக்கிறோம். ஆனால் நம் குடலுக்குள் ஒரு நாளில் வந்து சேரும் நீர் 8 அல்லது 9 லிட்டர்! மீதி எங்கே இருந்து வருகிறது? எச்சில், இரைப்பை நீர், பித்த நீர், குடல் நீர் என்று உடம்பே சுரக்கிறது. இவ்வளவு நீரையும் குடல் திரும்ப உறிஞ்சிக் கொள்கிறது. கொஞ்சம்தான் வெளியே போகிறது.

காலரா போன்ற நோய்க் கிருமி வந்தால் இந்த வேலை தலைகீழாகி விடுகிறது. கிருமியின் விஷம், நீரை வெளியே தள்ளும் கதவை அகலத் திறந்துவிடுகிறது. கடுமையான காலரா கண்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழந்துவிடலாம்.

அப்படியானால் குடிக்கக் கொடுத்து என்ன பயன்? ஒரு பக்கம் ஊற்ற, மறு பக்கம் ஓடிவிடாதா?

டாக்டர்களும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஊசி குத்தி, ரத்தக் குழாய் வழியாக 'சலைன்' ஏற்றுவதே வழி என்று இருந்தார்கள். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், நர்ஸ் வேண்டும், பணமும் வேண்டும். கிராமத்து ஏழைக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

இரண்டு சாவிப் பூட்டு

1960-ம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிராக் நகரில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னார். குடல் சுவரில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் வழி ஒன்று இருக்கிறது என்றார்.

கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, இரண்டு சாவியையும் இரண்டு பேரிடம் கொடுத்து வைப்பார்கள் அல்லவா? ஒருவர் மட்டும் வந்தால் உண்டியல் திறக்காது. இரண்டு பேரும் வரவேண்டும். குடலில் உள்ள இந்தக் கதவும் அப்படித்தான். உப்பு ஒரு சாவி. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மற்றொரு சாவி. இரண்டும் சேர்ந்து வந்தால் கதவு திறக்கும். உப்பும் சர்க்கரையும் உள்ளே போகும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும்.

முக்கியமான செய்தி இதுதான்: காலரா விஷம் இந்தக் கதவைக் கெடுப்பது இல்லை. வெளியே தள்ளும் கதவு திறந்து கிடந்தாலும், உள்ளே இழுக்கும் கதவு வேலை செய்துகொண்டே இருக்கிறது!

கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, 1953-லேயே காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதை அப்போது உலகம் சரியாகக் கவனிக்கவில்லை. 1968-ல் டாக்கா நகரில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் டாக்டர்கள் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். குடிக்கக் கொடுத்த நீர் வேலை செய்தது. நோயாளிகளுக்குச் சலைன் ஏற்ற வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்தது.

வங்காளத்தில் நடந்த அதிசயம்

1971-ம் ஆண்டு. வங்காளதேசப் போர் நடந்தது. சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையில் உள்ள பன்கான் என்ற ஊரில் அகதி முகாம். அங்கே காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

அங்கே வேலை செய்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை அளந்து கலந்து, பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கல்கத்தாவில் இருந்து அனுப்பச் செய்தார். முகாமில் அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் ஊற்றி வைத்தார்கள். பிடித்துக் கொடுத்தது யார்? நோயாளியின் தாய், தந்தை, அண்ணன், அக்கா! குவளையில் பிடித்து, விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பலன் என்ன? முன்பு இப்படிப்பட்ட முகாம்களில் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். மகலனாபிசின் முகாமில் 3,700 பேர் வரை சிகிச்சை பெற்றார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு.

1978-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகையான 'லான்செட்', இது இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. டாக்டர் மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வங்காளதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்து ஆண்டு காலம் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதுதான் பாடம். ஒரு கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். தாய் பாடத்தை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் கற்றுக் கொடுத்தவருக்குச் சம்பளம்! எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

சர்க்கரை கூடினால் கெடுதல்

"சர்க்கரைதானே கதவைத் திறக்கிறது? அப்படியானால் கலர், ஜூஸ் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் மாங்காய் நீர் விட்டுக் கொள்ளும். உப்பு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் இழுபட்டு வருகிறது. சர்க்கரைக்கும் இதே குணம் உண்டு. குடலில் சர்க்கரை அதிகமானால், உடம்பில் உள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்படும். பேதி அதிகமாகும்!

உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்த உப்புச் சர்க்கரைப் பொடியில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. கடையில் விற்கும் கலர் பானத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை! உப்போ மிகக் குறைவு. இது மருந்து ஆகுமா?

இதில் ஒரு மோசமும் நடந்து வந்தது. இனிப்புப் பானங்கள் சில, 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்று எழுத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு விற்பனைக்கு வந்தன. 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கரைசல் அல்ல' என்று ஓரத்தில் அச்சடித்திருந்தால் போதும் என்று விட்டிருந்தார்கள். பதறிப்போய்க் கடைக்கு ஓடும் தகப்பன் அதையா தேடிப் படிப்பான்? ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை டாக்டர் ஒருவர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. முறைப்படி செய்யாத பானம் எதுவும் அந்த எழுத்துகளைப் பெயரில் போட்டுக்கொள்ளக் கூடாது என்றது.

நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவு மட்டும் போதாது. வாங்குகிறவர் கண்ணும் விழிப்பாக இருக்க வேண்டும்.

டாக்டர் ஏன் எழுதுவதில்லை?

இன்னொரு செய்தி. 2024-ல் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் நடந்த ஆராய்ச்சி அது. குழந்தைக்குப் பேதி என்று சொல்லி நடிக்கச் சிலரைப் பழக்கி, 2,000-க்கும் மேற்பட்ட தனியார் வைத்தியர்களிடம் அனுப்பினார்கள்.

உப்புச் சர்க்கரைப் பொடி நல்லது என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். ஆனாலும் பலர் அதை எழுதிக் கொடுக்கவில்லை. காரணம் என்ன? கடையில் சரக்கு இல்லாதது சிறு காரணம். மற்ற மருந்தை விற்றால் கிடைக்கும் லாபமும் சிறு காரணமே. பெரிய காரணம், 'இந்தப் பொடியைக் கொடுத்தால் வந்தவர்களுக்குப் பிடிக்காது' என்று வைத்தியர்கள் நினைத்ததுதான்!

வந்தவரே பொடியை விரும்பிக் காட்டியபோது என்ன ஆயிற்று? எதுவும் சொல்லாமல் இருந்தவர்களைவிட, நூற்றுக்கு 27 பேர் கூடுதலாக அதைப் பெற்றார்கள்.

'பெரிய மருந்து கொடுத்தால்தான் பெரிய டாக்டர்' என்ற நம் நினைப்பு, நம் குழந்தைக்கே எதிரியாக நிற்கிறது. ஆகவே வாய் திறந்து கேளுங்கள்: "டாக்டர், ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?" இந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் எப்போதும் இரண்டு பொட்டலம் வாங்கி வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கும். சில பொட்டலங்கள் ஒரு லிட்டருக்கு. சில 200 மில்லி லிட்டருக்கு. படித்துப் பார்த்து, அந்த அளவிலேயே கரையுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கரைக்கலாம். குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள். உப்பு கூடினாலும் ஆபத்துத்தான். பொட்டலம் கிடைத்ததும் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவை பேதியானதும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் கொடுங்கள். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். நம் பாட்டிமார் வைக்கும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. கஞ்சியில் உள்ள மாவுதான் குடலில் குளுக்கோசாக மாறுகிறது. தண்ணீர் கூடாது என்று சொன்ன பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு அவரே கஞ்சி வைத்துத் தருவார்!

துத்தநாக மாத்திரையும் டாக்டரிடம் கேளுங்கள். பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் நடுவில் நிறுத்தக் கூடாது.

மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை குடிக்க முடியாமல் மயங்கினால், கண் குழிவிழுந்தால், வெகு நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், விடாமல் வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

போர்க்கால முகாமில், மண் தரையில், படிக்காத தாய் தந்தையர் குவளையும் கையுமாக இருந்து தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். நமக்கு வீடு இருக்கிறது. அடுப்படியில் உப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. பொட்டலத்தில் உள்ள எழுத்தைப் படிக்கவும் தெரிகிறது. தெரிந்துகொண்டே ஒரு குழந்தையை இழக்கலாமா?

இன்று மாலை கடைவீதிக்குப் போகும்போது இரண்டு பொட்டலம் வாங்கி வாருங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.