பகல் ஆட்டமும் இரவு உறக்கமும்

உறக்கமின்மை முதியோருக்கு உரிய துன்பம் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் நம் அங்கத்தினர்களின் இல்லங்கள் சிலவற்றில் ஆறு வயதுக் குழந்தை நள்ளிரவு கடந்தும் விழித்திருக்கிறது. அதனுடன் தாயும் விழித்திருக்கிறாள். விடிந்ததும் அவள் தறியில் இறங்க வேண்டும், அல்லது களையெடுக்கச் செல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளும், ஓரிடத்தில் நிலைகொள்ளாது கவனம் சிதறும் குழந்தைகளும் வளரும் வீடுகளில் இத்துன்பம் மிகுதி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பாதிப் பேருக்கும் மேல் உறக்கக் கோளாறு இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்த விஷயம், வளர்ப்பின் குற்றமன்று. தாயைப் பழிப்போர் இதனை முதலில் அறிதல் வேண்டும்.

இரவின் துன்பத்துக்குப் பரிகாரம் தேடுவோர் இரவை மட்டுமே பார்க்கின்றனர். பகலையும் பார்க்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. 5 முதல் 17 வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமேனும் மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் அது பொருந்தும் என்று தனித்தே சொல்லியிருக்கிறது.

ஹாங்காங்கில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு 12 வாரம் கூடைப்பந்துப் பயிற்சி அளித்து, பயிற்சி பெறாத குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். பயிற்சி பெற்றோரின் உறக்கம் மேம்பட்டது என்று 2019-இல் வெளியான அந்த ஆராய்ச்சி தெரிவிக்கிறது. சிலரிடம் செய்த சோதனையை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் செலவின்றிச் செய்யத்தக்க ஒன்றைச் செய்து பார்க்க இச்சான்று போதும்.

“எந்நேரமும் ஓடும் பிள்ளைக்கு இன்னும் ஓட்டமா?” என்று சிலர் கேட்கலாம். வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் அலைவது வேறு. திறந்த வெளியில் முறையாக ஆடுவது வேறு. பகல் வெளிச்சமும் உடலுக்கு உறங்கும் வேளையையும் விழிக்கும் வேளையையும் உணர்த்துகிறது.

தடையாக நிற்பவை இரண்டு: இடமும் மனமும். குழித்தறி உள்ள வீட்டில் நடமாடவே இடம் போதாது. பள்ளியிலோ, விளையாட்டு வேளையில் இக்குழந்தைகளை ஓரத்தில் உட்கார்த்தி வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் அட்டவணையில் சேர்த்து, விளையாட்டில் சம வாய்ப்பு அளிக்குமாறு அரசு உதவியும் அங்கீகாரமும் பெற்ற பள்ளிகளைப் பணிக்கிறது. சட்டம் சொன்னதை ஊர் செய்ய வேண்டாமா?

நெசவாளர் ஊர்கள் பலவற்றில் பாவடி உண்டு. பயிரிடுவோர் ஊர்களில் களம் உண்டு. பாவோட்டும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். களமோ அறுவடை நாட்கள் நீங்க வெறுமையாகவே கிடக்கும். மாலையில் ஒரு மணி நேரம் அவ்விடத்தை இக்குழந்தைகளுக்கென ஒதுக்குவோமாக. மற்றப் பிள்ளைகளும் உடன் ஆடட்டும். ஒரு பந்தும் ஒரு கயிறும் போதும். நாள்தோறும் அதே நேரம், அதே ஒழுங்கு இருத்தல் நலம். மாறுதல் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரைக் கலங்கச் செய்யும். பேரிரைச்சலும் அவ்வாறே, ஆகையால் ஒலிபெருக்கி வேண்டாம். இவர்களுள் தண்ணீரை நாடி ஓடுவோர் உண்டு. அருகில் கிணறு இருப்பின் பெரியவர் ஒருவர் கண்காணித்தல் மிக அவசியம். படுக்கும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே ஆட்டம் முடிதல் வேண்டும்.

ஆட்டம் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. குறட்டை, மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை இருப்பின் மருத்துவரைக் காண வேண்டும். உண்ணும் மருந்தே உறக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுத்தல் தகாது.

நூலையும் உரத்தையும் கடனையும் பங்கிட்டுக்கொள்ளக் கற்றவர்கள் நாம். அடுத்த மகாசபையில் அங்கத்தினர் எவரேனும் எழுந்து, மாலை ஒரு மணி நேரத் திடலுக்கு ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். சங்கத்தின் கணக்கில் அதனால் பற்று ஒன்றும் ஏறப்போவதில்லை; சில வீடுகளில் தாயும் பிள்ளையும் இரவில் கண்ணயர்வர்.