பழைய டிராக்டரும் புதிய பூட்டும்

"உழுகிற நாளில் ஊருக்குப் போனால், அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை" என்பது நம் குடியானவர்களின் பழமொழி. மழை பெய்து மண் பதமாயிருக்கும் உழவு நாள் யாருக்காகவும் காத்திராது. அன்றைக்கு மாடு படுத்துக்கொண்டாலும் சரி, யந்திரம் நின்றுபோனாலும் சரி, நஷ்டம் ஒன்றுதான். ஆகவே, உழுகிறவன் தன் கருவியைப் பற்றி முதலில் கேட்கவேண்டியது, அது எவ்வளவு புதியது என்பதல்ல. வேண்டிய நாளில் அது கிளம்புமா? நின்றுவிட்டால் தன் கையாலேயே அதைக் கிளப்பிவிட முடியுமா? இந்தக் கேள்விகளைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள சில சிறு பண்ணைகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். 1940-களிலும் 1950-களிலும் செய்யப்பட்ட டிராக்டர்கள் அங்கே இன்னமும் அன்றாட வேலை செய்து வருகின்றன. அவை காட்சிசாலையில் மெருகு பூசி நிறுத்திவைத்த பொருள்கள் அல்ல. உலர்ந்த புல்லை வாரிச் சேர்க்கின்றன, எருவண்டியை இழுக்கின்றன, விறகு அறுக்கின்றன, பனிக்காலத்தில் பாதையில் மூடிய பனியைத் தள்ளுகின்றன. பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்டுகிறான். இதற்குப் பழமையிடம் உள்ள பாசம் மட்டும் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. குடியானவன் எந்த நாட்டிலும் கணக்குப் பார்க்கிறவன்தான்.

இந்தப் பழைய வண்டிகளில் மிகவும் பேர்போனது, சாம்பல் நிறம் பூசிய பெர்குஸன் டிராக்டர். இதைச் சமைத்த ஹாரி பெர்குஸன் 1884-ம் வருஷத்தில் அயர்லாந்தின் வட பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். முதல் மகாயுத்த காலத்தில், 1917-ல், அயர்லாந்தில் இருந்த டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று மேற்பார்வை செய்யும் பணி அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஊர் ஊராகப் போன அவர், ஒரு பெரிய குறையைக் கண்டார். அந்நாளில் டிராக்டர் முன்னால் போகும். கலப்பை சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டியபடி பின்னால் இழுபட்டு வரும். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால், பின்சக்கரங்கள் மண்ணைக் கவ்வி நிற்க, வண்டியின் உடல் முழுவதும் அச்சைச் சுற்றி மேலெழும்பி, ஓட்டுகிறவன் மேலேயே கவிழ்ந்துவிடும். அவ்விதம் மாண்டவர்கள் பலர்.

பெர்குஸன் கண்ட பரிகாரம் மிகவும் எளியது. கலப்பையைக் கீழே இரண்டு கைகளாலும் மேலே ஒரு கையாலும், ஆக மூன்று இடங்களில், வண்டியோடு பிணைத்தார். உழும்போது கலப்பை முன்புறம் சாயப் பார்க்கும். அந்த விசை மேற்கையின் வழியாக வண்டியின் முன்சக்கரங்களைத் தரையில் அழுத்தும். மண் இறுகியிருந்தால், அந்த அழுத்தமே ஒரு வால்வைத் திறந்து, எண்ணெயின் விசையால் கலப்பையைச் சற்று உயர்த்திவிடும். ஆகவே கனமான வண்டி தேவையில்லை. ஒரு டன்னுக்குச் சிறிது அதிகமான எடையுள்ள வண்டியே ஒழுங்காக உழுதது. 1938-ல் பெர்குஸனும் ஹென்றி போர்டும் பத்திரம் எதுவும் எழுதாமல், கைகுலுக்கியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன் பலனாக 1939-ல் அமெரிக்காவிலும் இதே அமைப்புள்ள போர்டு டிராக்டர் 585 டாலர் விலையில் வெளிவந்தது. 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட சாம்பல் நிற டிராக்டர்கள் செய்யப்பட்டன. எட்மண்ட் ஹிலாரி 1958-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்ததும், பனியில் ஓடுவதற்காகச் சங்கிலிப் பட்டை மாட்டிய இதே டிராக்டர்களில்தான்.

இந்த வண்டியுடன் ஒரு ஸ்பானர் கொடுப்பார்கள். வண்டியிலும் கலப்பையிலும் அடிக்கடி திருப்பவேண்டிய நட்டுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே ஸ்பானருக்கு அடங்கும்படி செய்திருந்தார்கள். அதன் மேலேயே அங்குலக் கோடுகளும் பொறித்திருக்கும், அளவுகோலும் அதுவே. "இந்த வண்டியை நீ திறக்கலாம், நீயே சரிசெய்யலாம்" என்று, செய்தவன் வாங்கியவனிடம் சொல்லாமல் சொன்ன வார்த்தை அது. எழுபது வருஷங்களுக்குப் பிறகும் வண்டி ஓடுவதற்கு முதற் காரணம் இதுவே. லட்சக்கணக்கில் செய்யப்பட்டதனால் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன என்பது இரண்டாவது காரணம்.

இனி, புதிய வண்டிகளின் சமாசாரத்தைப் பார்ப்போம். அவற்றின் பலமும் நுட்பமும் வியக்கத்தக்கவை. ஆனால் அவற்றின் உள்ளே கம்ப்யூட்டர் குடியேறிவிட்டது. சின்னஞ்சிறு உணர்கருவி ஒன்று பழுதானாலும் வண்டி நின்றுவிடக்கூடும். என்ன பழுது என்று கண்டறிவதற்கும், புதிய பாகத்தை வண்டி ஏற்றுக்கொள்ளும்படி செய்வதற்கும், கம்பெனியாரிடமோ அவர்களுடைய ஏஜெண்டுகளிடமோ மட்டும் உள்ள மென்பொருள் வேண்டியதாயிற்று. வண்டிக்குப் பணம் கொடுத்தவன் குடியானவன். பூட்டின் சாவி மாத்திரம் வேறொருவர் கையில்!

இதனால் அமெரிக்கக் குடியானவர்கள் பொறுமை இழந்தார்கள். கம்ப்யூட்டர் புகாத காலத்து டிராக்டர்களை ஏலத்தில் போட்டி போட்டு வாங்கத் தொடங்கினார்கள். 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற பெயரால் ஒரு கிளர்ச்சியே நடந்தது. 2023-ல் கொலராடோ ராஜ்யம், விவசாய யந்திரங்களின் சொந்தக்காரர்களுக்கு வேண்டிய கருவிகளையும் விவரப் புத்தகங்களையும் மென்பொருளையும் கம்பெனிகள் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் இயற்றியது. விவசாய யந்திரங்களுக்காக இத்தகைய சட்டம் செய்த முதல் அமெரிக்க ராஜ்யம் அதுதான். 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய சர்க்காரின் வியாபாரக் கமிஷனே, இதே விஷயமாக ஒரு பெரிய டிராக்டர் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தது.

"இந்த வம்பெல்லாம் நமக்கு எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பெர்குஸனின் கம்பெனி 1953-ல் மாஸி-ஹாரிஸ் கம்பெனியுடன் சேர்ந்தது. அவர்களுடைய '35' என்னும் டிராக்டர், சாம்பல் நிற வண்டிக்கு வாரிசாக 1956-ல் பிறந்தது. 1960-ல் சென்னையில் தொடங்கிய 'டாபே' கம்பெனி, மாஸி பெர்குஸன் கம்பெனியின் கூட்டுறவுடன் அந்த வம்சத்து வண்டிகளை நம் மண்ணிலேயே செய்ய முற்பட்டது. இப்படி, அயர்லாந்துக் குடியானவர் மகன் ஒருவர் செய்த யோசனை நம் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. இத்தகைய வண்டி நின்றுவிட்டால் பட்டணத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. கடைத்தெருப் பட்டறை மிஸ்திரியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். அந்த மிஸ்திரியின் கைத்திறனும் தேசத்தின் செல்வந்தான். திறக்கக் கூடாத வண்டிகள் மட்டுமே இருக்கும் நாட்டில், அந்தச் செல்வம் ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிடும்.

நிற்க. பழைய வண்டியைப் புகழ்ந்துவிட்டு, அதன் குறைகளை மறைத்தால் நேயர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அதனால் ஆகாத வேலைகள் பல. இருபது, முப்பது குதிரைச் சக்தி பெரிய பண்ணையின் ஆழ உழவுக்குப் போதாது. புதிய எஞ்சின்களைக் காட்டிலும் அது புகையும் அதிகம் கக்கும். இவையெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடிய குறைகள். ஆனால் உயிரோடு விளையாடும் குறைகளும் அதில் இருக்கின்றன.

முதலாவது, கவிழ்வது. பெர்குஸன் செய்த ஏற்பாடு கலப்பைக்குத்தான் பாதுகாப்பு. மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்குவதற்காக அச்சுக்கு மேலே சங்கிலியைக் கட்டி இழுத்தால், அந்த வண்டியும் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னால் புரண்டுவிடும். எப்பொழுதும் கீழே உள்ள இழுவைச் சட்டத்திலேயே கட்ட வேண்டும். சரிவிலும் வரப்போரத்திலும் பக்கவாட்டில் உருள்வதும் உண்டு. ஸ்வீடன் தேசத்தார் 1959-லேயே, ஒவ்வொரு புதிய டிராக்டரிலும் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள்; அதன் பிறகு இவ்வகைச் சாவுகள் அங்கே வெகுவாகக் குறைந்தன. அமெரிக்காவில் 1985-ல்தான் கம்பெனிகள் அநேகமாக எல்லாப் புதிய டிராக்டர்களிலும் அதைப் பொருத்தத் தொடங்கின. ஆகவே 1940-களின் வண்டிகள் அந்தச் சட்டம் இல்லாமலே பிறந்தவை. இந்தச் சட்டத்தைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அது முறைப்படி சோதித்த சட்டமாக இருக்கவேண்டும். மற்றப் பழுதுக்கெல்லாம் நாம் புகழ்ந்த ஊர்ப்பட்டறை, குழாயை வளைத்துப் பற்றவைத்துக் கொடுக்கும் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் போதாது. சட்டம் உள்ள வண்டியில் இடுப்பு வாரும் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் வாரைக் கட்டக் கூடாது.

இரண்டாவது, வண்டியின் பின்னால் சுழலும் தண்டு. புல் வெட்டும் கருவி முதலியவற்றுக்கு விசை கொடுக்கும் இந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 தடவை, அதாவது விநாடிக்கு 9 தடவை சுற்றுகிறது. வேஷ்டி நுனியோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடையாது. பழைய வண்டிகள் பலவற்றில் இதை மூடும் உறை எப்போதோ தொலைந்துபோயிருக்கும். அன்றியும், அந்தக் காலத்து போர்டு, பெர்குஸன் வண்டிகளில் இன்னொரு விபரீதமும் உண்டு. கிளட்சை மிதித்த பிறகும், சுழன்றுகொண்டிருக்கும் கனமான வெட்டுக்கருவியின் வேகம் தண்டின் வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னுக்குத் தள்ளும்! வேலியோரத்தில் வண்டி நின்றுவிடும் என்று நம்பினவர் வேலிக்குள்ளேயே போய்விடுவார். ஒரு பக்கமாக மட்டும் விசையைச் செலுத்தும் இணைப்பு ஒன்றைத் தண்டில் மாட்டிவிட்டால் இந்த ஆபத்து நீங்கும். அதன் விலை சொற்பம். வாங்காமல் விடுவதற்குக் காரணம் அசட்டையே ஒழிய வேறில்லை.

ஆகவே, பழைய வண்டியை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள், வர்ணம் பூசுவதற்கு முன் இந்தக் காரியங்களைச் செய்யவேண்டும். சட்டம், உறை, நல்ல பிரேக்கு, இவை இருந்தால் கிழ வண்டியும் இலேசான வேலைகளுக்கு உத்தமமான துணைவன். இவை இல்லாவிட்டால், சிக்கனம் என்று நினைத்தது குடும்பத்துக்கே பெருஞ்செலவாகிவிடும்.

பட்டணத்தில் வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டியின் தையல் யந்திரம் இன்றும் ஓடுகிறது. போன வருஷம் வாங்கிய கைபேசியோ, மின்கலம் மாற்ற வழியின்றி அலமாரியில் கிடக்கிறது. குடியானவனின் வழக்கும் நம் வீட்டு வழக்கும் ஒன்றுதான். ஒரு பொருளை வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் மட்டும் விசாரித்தால் போதாது. "இதைத் திறக்க முடியுமா? பாகம் கிடைக்குமா? நம் ஊரில் இதைச் சரிசெய்வார் உண்டா?" என்றும் கேட்கவேண்டும். வாங்குகிற நாம் கேட்காவிட்டால், செய்கிற கம்பெனி தானாகச் சொல்லாது.

நுகத்தடி ஒடிந்தால் ஊர்த் தச்சரிடம் போய் அன்று மாலைக்குள் புதியது செய்துகொண்டு வந்தவர்கள் நம் முன்னோர்கள். அவர்களுடைய ஏர் சிறியதுதான். ஆனால் அது முழுவதும் அவர்களுடையது. பெரிய யந்திரம் வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதன் சாவியும் சேர்ந்து வரவேண்டும் என்றுதான் சொல்லுகிறோம்.