எந்த மாநிலத்துத் துப்பாக்கி உரிமம் எளிது?



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் புருவம் உயர்த்தலாம். காரணம் உண்டு. நம் கெலுகோர் வட்டாரத்துப் பிள்ளைகள் சிலர் மேற்படிப்புக்காகவும் பணிக்காகவும் அமெரிக்கா சென்றிருக்கின்றனர். அவர்களுள் ஒருவரின் தந்தையார் அண்மையில் என்னிடம் ஒரு வினா தொடுத்தார். “என் மகன் படிக்கும் மாநிலத்தில் கைத்துப்பாக்கி உரிமம் பெறுவது கடினமாம். வேறு மாநிலத்தில் விண்ணப்பித்தால் எளிதில் கிடைக்கும் என்கிறான். எந்த மாநிலம் நல்லது?” என்பதே அவ்வினா. கடைத்தெருவில் எந்தக் கடையில் விலை மலிவு என்று கேட்பதைப் போல அவர் இயல்பாகவே கேட்டார்.

அந்த இயல்புதான் என்னை எழுதத் தூண்டியது.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி வழங்குகிறது. ஒரு மாநிலத்தின் அனுமதியை இன்னொரு மாநிலம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். யூட்டா, புளோரிடா போன்ற மாநிலங்கள் தம் எல்லைக்குள் குடியிராத வெளியாருக்கும் அனுமதி வழங்குகின்றன. யூட்டாவின் அனுமதியைப் பல மாநிலங்கள் ஏற்பதால், அம்மாநிலத்தில் கால் வைத்திராதவர்களும் அதனை நாடினர். இது வரம்பு மீறுவதை உணர்ந்த யூட்டா, 2011-இல் சட்டத்தைத் திருத்தியது. யூட்டாவின் அனுமதியை ஏற்கும் மாநிலத்தில் வாழ்பவர், முதலில் தம் சொந்த மாநிலத்தின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அத்திருத்தம்.

2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தனிக் காரணம் காட்டினால்தான் அனுமதி என்ற நியூயார்க் மாநில விதியைத் தள்ளுபடி செய்தது. 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி 29 மாநிலங்களில் அனுமதியே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆயினும், கலிபோர்னியாவும் நியூயார்க்கும் பிற மாநில அனுமதியை ஏற்பதில்லை. ஓரிடத்தில் சட்டப்படி நடந்த ஒருவர், எல்லைக் கோட்டைத் தாண்டிய மறுநொடியே குற்றவாளியாகி விடுகிறார்!

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. மாணவர் விசாவில் தங்கியிருக்கும் அயல்நாட்டார் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமே தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. எந்த மாநிலம் எளிது என்று தேடும் மாணவன், தன் படிப்பையும் விசாவையும் விடுதலையையும் பணயம் வைக்கிறான். அத்தந்தையாரிடம் நான் முதலில் சொன்னது இதுதான்.

இந்தியா காட்டும் பாடம்

எளிய இடத்தைத் தேடிப் போகும் மனப்போக்கு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வழங்குபவர் மாவட்ட அதிகாரி. விண்ணப்பிப்பவர் யார், அவர் நடத்தை எத்தகையது, உண்மையிலேயே அவருக்கு ஆபத்து உண்டா என்று உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

அந்த உயிர்நாடி சம்மு காசுமீரில் அறுந்தது. அம்மாநிலத்தில் குடியிராதவர்களுக்கு முறைகேடாக உரிமம் வழங்கப்பட்டதை இராசசுத்தான் காவல் துறை 2017-இல் வெளிக்கொணர்ந்தது. 2018-இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கைக் கையில் எடுத்தது. 2012-க்கும் 2016-க்கும் இடையே 2.78 இலட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதாகவும், கையூட்டுப் பெற்றுக்கொண்டு தகுதியற்றவர்க்கும் தரப்பட்டதாகவும் அத்துறை குற்றஞ்சாட்டியது. உயர் அதிகாரிகளே கைதாயினர்.

இங்கே எண்ணிப் பாருங்கள். உரிமம் என்பது வெறும் தாள் அன்று. ‘இம்மனிதரை எங்களுக்குத் தெரியும்’ என்று ஓர் ஊர் கொடுக்கும் சான்று அது. தெரியாத ஊரில் வாங்கும் சான்றுக்கு என்ன பொருள்?

நம் மண்ணின் வரலாறு

மலேசியத் தமிழர்க்குத் துப்பாக்கி உரிமம் என்பது ஏட்டுச் செய்தி அன்று, உயிர்ச் செய்தி. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவது தூக்குக்குரிய குற்றமானது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எசு.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 4.5.1949 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே காலத்தில் சொகூரில் கைதான சாம்பசிவம் என்பாரின் வழக்கோ வேறு விதமாக முடிந்தது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட அவருக்கு, துப்பாக்கி ஏந்திய குற்றத்திற்காக மறுவிசாரணையில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில், முன்னைய விடுதலையை நீதிமன்றம் முழுமையாக மதித்திருக்க வேண்டும் என்று கூறி, 1950-இல் தண்டனையை நீக்கியது. பொதுச்சட்ட நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வழக்கு அது. ஒரே சட்டம், இரு தமிழர், ஒருவர் தூக்கு மேடையில், மற்றவர் விடுதலையில்!

நம் பினாங்கிலேயே 1977-இல், கைத்துப்பாக்கி வைத்திருந்த 14 அகவைச் சிறுவன் ஒருவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி மரண தண்டனை விதிக்கப்பட்டது. 14 அகவை என்றால் இரண்டாம் படிவ மாணவன். அவனுக்காக வழக்காடியவர், பின்னாளில் புக்கிட் கெலுகோர் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய கர்பால் சிங். இறுதியில் அத்தண்டனை மாற்றப்பட்டு, அவன் என்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அந்தச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

இன்றைய சட்டமும் கடுமையானதே. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல் துறைத் தலைவரிடம் உள்ளது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கும். கொள்ளை போன்ற குற்றங்களின்போது சுட்டால் கட்டாய மரண தண்டனை என்றிருந்தது. 2023 முதல் அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது.

பெற்றோர் அறிய வேண்டிய இன்னொன்று: போலித் துப்பாக்கியும் குற்றமே. அதனை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இணைய அங்காடிகளில் விளையாட்டுப் பொருள் போல விற்கப்பட்ட ‘செல் பிளாசுட்டர்’ துப்பாக்கிகளும் இவ்வகையில் அடங்கும் என்று காவல் துறை எச்சரித்துள்ளது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கித் தருமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள்!

மறுப்பாருக்கு ஒரு சொல்

“கொள்ளையரிடம் ஆயுதம் இருக்கும்போது நல்லவன் வெறுங்கையோடு நிற்பதா?” என்று கேட்பார் உளர். இவ்வினாவை நான் எள்ளி நகையாடமாட்டேன். வீடு புகுந்து கொள்ளையிடப்பட்டவரின் அச்சம் உண்மையானது. அத்தகையோர் முறைப்படி விண்ணப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால், அவ்வழி கடினமாக இருப்பது குறையன்று, அதுவே பாதுகாப்பு. 14.10.2025 அன்று பண்டார் உத்தாமா இடைநிலைப்பள்ளியில் 16 அகவை மாணவி ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். கைதானவன் 14 அகவை மாணவன். நெஞ்சைப் பிளந்த நிகழ்வு அது. அவன் வீட்டு அலமாரியில் துப்பாக்கி ஒன்று இருந்திருந்தால், எத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்கும்?

நாம் செய்ய வேண்டியவை

1. ஆசிரியர்கள், குறிப்பாகக் கட்டொழுங்கு ஆசிரியர்கள், திரைப்பட நாயகன் கையில் சுழலும் துப்பாக்கிக்கும் சட்டத்திற்கும் உள்ள இடைவெளியை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும். அச்சுறுத்தலாக அன்றி, 1949-ஐயும் 1977-ஐயும் வரலாறாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் கூர்ந்து கேட்பார்கள்.

2. அயல்நாடு செல்லும் பிள்ளைகளிடம் அந்நாட்டுச் சட்டத்தைப் படித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நண்பன் சொன்னான், காணொலியில் கண்டேன் என்பன நீதிமன்றத்தில் எடுபடா.

3. ‘எங்கே எளிது?’ என்று கேட்கும் பழக்கத்தை இளமையிலேயே திருத்துங்கள். எளிதாகக் கிடைக்கும் மருத்துவச் சான்று, எளிதாகக் கிடைக்கும் வாகன உரிமம் என்று வீட்டில் பெரியவர் பேசக் கேட்டு வளரும் பிள்ளைதான், நாளை எளிதாகக் கிடைக்கும் துப்பாக்கியையும் தேடுகிறது.

கெலுகோரில் வாழும் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், ஒரு காலத்தில் மிண்டன் என்னும் பிரித்தானியப் படைமுகாமாக இருந்தது. துப்பாக்கி தோளேறி நின்ற அந்த மேட்டில் இன்று நூல் சுமந்து பிள்ளைகள் நடக்கின்றனர். இந்த மாற்றம் தானாக வந்ததன்று. ஒரு நாடு தேர்ந்தெடுத்த வழி அது. அவ்வழியைக் காப்பது நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும்தான் தொடங்க வேண்டும்.

உங்கள் கருத்து என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதனைப் பேசுங்கள்.