எழுவாய் இல்லாத வாக்கியம்

அனுமதியின்றிக் கணக்கிலிருந்து பணம் களவு போனதாக முறையிடுவோருக்கு வங்கிகள் தரும் மறுப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: ஓடிபி சரியாக உள்ளிடப்பட்டுள்ளது, ஆகவே பணத்தைத் திருப்பித்தர இயலாது. உள்ளிட்டவர் யார்? அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை. கள்ளச்சாவிக்கும் பூட்டு திறக்கத்தான் செய்யும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரே பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமையை வங்கியின் தலையில்தான் வைத்தது. இரு தரப்பிலும் பிழையற்ற மோசடியெனில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என்றது. கவனக்குறைவால் கடவுச்சொல்லைப் பகிர்ந்தவர்கூட, தெரிவித்த பிறகு நேரும் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை என்றது.

பொய் முறையீடுகளும் வருமே என்பார்கள். வரட்டும். எந்தக் கருவியிலிருந்து, எந்நேரத்தில், யாருடைய கணக்குக்குப் பணம் போனது என்னும் பதிவுகள் வங்கிகளிடம் இருக்கின்றன. ஏமாந்தவரிடம் இருப்பது ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. சான்றை வைத்திருப்பவர் வாய்மூடியிருக்க, இல்லாதவரிடம் சான்று கேட்பது என்ன நியாயம்?

மறுப்புக்கான ஆதாரத்தை எழுத்தில் கேட்போம். வங்கி மறுத்தாலும், 30 நாட்களில் பதில் தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எழுவாயை எழுதும்வரை அந்தக் கடிதத்தை நாம் பதிலாக ஏற்கத் தேவையில்லை.