47 குதிரையும் ஒரு முட்டியும்

அப்பாவுக்கு வலது முட்டி தேய்ந்து மூன்று வருஷம் ஆகிறது. டாக்டர், 'வயசு' என்கிறார். அப்பா, 'புல்லட்' என்கிறார்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சர்க்கரை ஆலையில் கரும்பு உதவியாளராக இருந்தவர். கச்சிராயபாளையம் சுற்றுவட்டாரத்தில் அவருடைய புல்லட் போகாத கரும்புக் காடு கிடையாது. 346 சிசி. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் கியர், கியர் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக். ஸ்டார்ட் செய்வதே ஒரு பூஜை. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிற வரைக்கும் கிக்கரை மெல்ல அமுக்கி, மூச்சைப் பிடித்து ஒரே உதை. சரியாக விழுந்தால் 'டப்... டப்... டப்'. தப்பாக விழுந்தால் வண்டி நம்மைத் திருப்பி உதைக்கும்.

அந்த புல்லட்டை 2008-ல் விற்றுத்தான் என்னை பி.காம். சேர்த்தார். படித்து முடித்து நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன் ஆனேன். அதாவது, மாசம் முப்பது நாளும் வேலை உண்டு. ஒண்ணாம் தேதி சம்பளம் மட்டும் கிடையாது. அப்படியும் அவர் முட்டி ஆபரேஷனுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து பேங்கில் ஒரு டெபாசிட் போட்டு வைத்திருந்தேன். அப்பாவோ ஆபரேஷன் என்றாலே, "தீபாவளி போகட்டும்", "பொங்கல் போகட்டும்" என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

இந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து மச்சினன் வந்து இறங்கினான், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-ல்!

தெருவே கூடிவிட்டது. உருண்டை ஹெட்லைட், கண்ணீர்த்துளி டேங்க், அகன்ற சீட்டு. தாத்தா காலத்து வண்டி மாதிரி தோற்றம். உள்ளே எல்லாம் நேற்றுச் செய்த சமாசாரம். 'ரெட்ரோ ஸ்டைல்' என்றான். உலகத்தில் எல்லோரும் நரையை மறைக்க டை அடிக்கிறோம். இது மட்டும் பிறக்கும்போதே நரைத்த தலையோடு பிறந்து, அதற்குத் தனிக் காசும் கேட்கிறது!

மச்சினன் விவரம் அடுக்கினான். 648 சிசி, இரண்டு சிலிண்டர், 47 குதிரைசக்தி, எடை 241 கிலோ. 2023 ஜனவரியில் அறிமுகமானபோது ஷோரூம் விலையே மூன்றரை லட்சத்தில் ஆரம்பம்.

"இதுவே சாதுதான் மாமா. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ராக்கெட்னு ஒண்ணு இருக்கு. 2458 சிசி!"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். மூன்று மாருதி 800 காரின் இன்ஜின்களைச் சேர்த்தாலும் அதைவிட ஒரு டம்ளர் குறைவு!

அப்பா வாயே திறக்கவில்லை. டேங்க்கைத் தடவிப் பார்த்தார். ரெட்டிச் என்ற இங்கிலாந்து ஊரிலிருந்து வந்த பரம்பரை அது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டது. 1970-க்குள் தாய்வீட்டுக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. புகுந்த வீட்டில் மட்டும் பெண் அமோகமாக வாழ்கிறாள்!

கடைசியில் அப்பா கேட்டார்: "கிக்கர் எங்கடா?"

"இல்லப்பா. பட்டன்தான்."

அவர் முகத்தில் ஒரு பிரகாசம். "அப்புறம் முட்டி எதுக்குடா? அந்த டெபாசிட்டை உடைச்சு இது மாதிரி ஒண்ணு வாங்கு. உன் படிப்புக்கு வித்த வண்டிதானே? திருப்பி வந்த மாதிரி இருக்கும்."

நானும் மனுஷன்தானே! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.காம். மூளை மட்டும், '2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசிக்கு மேல் போனால் ஜி.எஸ்.டி. 40 சதவீதம்' என்று முனகியது. அதன் வாயைப் பொத்தினேன். என் மனைவி, "முட்டியை உடைச்சு வண்டி வாங்கப் போறீங்க, அப்படித்தானே?" என்றாள். அதைத்தான் பொத்த முடியவில்லை.

மறுநாள் வண்டியை இரவல் வாங்கி, அப்பாவைப் பின்னால் ஏற்றி, வெள்ளிமலைக்குக் கிளம்பினேன். திண்ணைமேல் நின்றுதான் அவரால் காலைத் தூக்கிப் போட முடிந்தது. கள்ளக்குறிச்சி தாண்டி, கோமுகி அணை தாண்டி, கல்வராயன் மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி சிங்கம்! நேர் ரோட்டில் சொர்க்கம். கொண்டை ஊசி வளைவில் மட்டும், நீளமான உடம்பைத் திருப்ப நான் கும்பிடாத சாமி இல்லை. பின்னாலிருந்து அப்பா, "செகண்டைப் போடுடா... இப்ப திருப்பு" என்று பாடம் நடத்தினார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மேலே ஒரு டீக்கடை. ரோட்டிலிருந்து சரிவாக இறங்கும் வாசல். ஸ்டைலாக இறக்கி, சுவரைப் பார்த்தபடி நிறுத்தினேன். டீயும் குடித்தாயிற்று. கிளம்பும்போதுதான் உறைத்தது. வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. 47 குதிரையும் முன்னால்தான் ஓடும்; பின்னால் இழுக்க ஒரு கழுதைகூட இல்லை! தப்பு வண்டி மேல் இல்லை, நிறுத்தின மேதை மேல்.

தள்ளினேன். 241 கிலோ அசையவில்லை. என் இடுப்புதான் அசைந்தது.

அந்த நேரம் இரண்டு மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல் மேட்டில் ஏறி வந்தது. 99.7 சிசி. ஓட்டி வந்தவர் நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நால்வருமாக, "ஏலேலோ" பாடாத குறையாக இழுத்தோம்.

இழுத்தபடியே அவர் கேட்டார்: "இது எத்தனை மூட்டை சார் ஏத்தும்?"

"மூட்டையெல்லாம் ஏத்த முடியாதுண்ணே."

"அப்புறம் எதுக்கு சார் இவ்ளோ பலம்?"

பி.காமில் இதற்குப் பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கல்மேல் உட்கார்ந்திருந்த அப்பா எங்களோடு சேர்ந்து தள்ள எழுந்திருக்கப் பார்க்கிறார். முட்டி மடங்கவில்லை. கையை ஊன்றினார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

இறங்கும்போது வளைவுகளில் அவர் பாடம் நடத்தவில்லை. அணைக்கட்டுப் பக்கம் வந்ததும், "வண்டி மாட்டிக்கிட்டு நான் உக்காந்து வேடிக்கை பார்த்ததே கிடையாதுடா" என்றார். அவ்வளவுதான்.

மச்சினனிடம் சாவியைக் கொடுத்தேன். மறுநாளே டெபாசிட்டை உடைத்தேன், டாக்டரைப் பார்க்க. இந்தத் தடவை அப்பா எந்தப் பண்டிகையையும் இழுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாசம். போன வாரம் கைத்தடி இல்லாமல் திண்ணைப் படியில் தானாக ஏறி நின்றார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

வலது காலை மடக்கி, நீட்டி, காற்றில் ஓர் உதை உதைத்துப் பார்த்தார்.

"கம்ப்ரஷன் நல்லா இருக்குடா. பழசு ஏதாவது விலைக்கு வந்தா சொல்லு... கிக்கர் வெச்சதா இருக்கணும்!"